மெழுகு நாழி

அரசன் செம்பில் வெட்டித் தந்த உரிமை இது:
கழுதுருட்டிச் சந்தையின் பறையும் நாழியும் துலாக்கோலும்
பள்ளியின் காவலில்.
உள்ளறையில் மேல் மாடத்தில் திருத்தைலச் சிமிழ்,
கீழ் மாடத்தில் பலாமர நாழி.
இரண்டுக்கும் ஒரே சாவி.
சாவி என் அரைஞாணில்.

புதன்கிழமைகளில் கணவாய் இறங்கும் பொதிமாடுகள்,
உப்பும் எள்ளும் சேலையும் சுமந்து.
எங்கள் பக்கமிருந்து மிளகு, சுக்கு, தேன்மெழுகு.
ஐயம் வந்தால் நாழியின் விளிம்பைத் தொட்டு
"மார்த்தோமா அறிய" என்பார்கள்,
செங்கோட்டை வாணியனும்
காவுப் பூசாரியும்கூட.
"காதீசா ஆலாகா" என்று கத்தனார் இழுப்பதன் பொருள்
எனக்கும் தெரியாது, மாடுகளுக்கும் தெரியாது.
நாழியைத் தலைதட்டும் ஓசை
எல்லோருக்கும் தெரியும்.

நோன்பு பிடிக்கும் ஞாயிறு இரவு.
கடைசி மீனைத் தின்று
சட்டியைக் கவிழ்த்துவிட்டு
கணக்கோலையோடு உட்கார்ந்தேன்.
எழுத்தாணி ஒரு கையில், ஒரு முழ மெழுகுத்திரி மறு கையில்.
வயிறு நிறைந்தவனின் தூக்கம்.
திரி சாய்ந்ததை அறியேன்.
மறுநாள் ஊரே கழுவியது:
சட்டி, பாய், அம்மி, பிள்ளைகளின் வாய்.
நாழியை யார் கழுவுவார்?
அது எப்போதும் சுத்தம்.

தேயி சந்தைக்குள் வரமாட்டாள். வரக்கூடாது.
நாற்பதடி தள்ளிப் புன்னையடியில் நின்று கூவுவாள்.
பாறைமேல் அவளுடைய உப்பை அளந்து கொட்டிவிட்டு
நான் விலகுவேன்.
அவள் வந்து காசை வைத்து
எடுத்துப் போவாள்.
நாங்கள் மீன் தொடாத ஐம்பது நாளும்
அவள் வராலும் ஆரலும் கீறி உப்பிட்டு
பானை பானையாய் அடுக்குவாள்
உயிர்ப்பு ஞாயிறுக்கு,
எங்கள் பசியை நம்பி.

மூன்றாம் புதன் கூவினாள்:
"உப்பு குறையுது."
இத்தாக்கன் முதலாளி சிரித்தார்.
"மார்த்தோமாவின் நாழியிடீ அது!"
சந்தை சிரித்தது.
நானும் சிரித்தேன்.
மெழுகைவிட அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறு. பானைகள் திறந்தன.
புழு.
வாழையிலை விரித்து உட்கார்ந்த நசுராணித் தெரு
வெறும் மாங்காயோடு எழுந்தது.
சாண்டியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு
தேயியின் ஏழு தலைமுறையையும் திட்டினாள்.
உப்பில் கை சுருக்கியவள் என்று பேரானது.

அன்றிரவு நாழிக்குள் கைவிட்டேன்.
அடியில் ஒரு வழுவழுப்பு.
பாக்குவெட்டியால் நெம்பினேன்,
பெயர்ந்து வந்தது வட்டமாக, அப்பம்போல.
ஏழு வாரம். வாரம் நான்கு நாழி.
பறைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.
நாழிக்கு வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் வழக்கம்:
தூபக்காலில் சாம்பிராணி இட்டு
புகைக்குள் முகம் வைத்துப் பாவத்தைச் சொல்வது.
சொன்னேன்.
புகை யாரிடமும் போய்ச் சொல்லாது.
அதனால்தான் அதனிடம் சொல்கிறோமோ என்று
இருமும்போது தோன்றியது.

அடுத்த புதன்
நான்கு நாழி அளந்து
மேலே இரண்டு பிடி வைத்தேன்.
தேயி வந்தாள். பார்த்தாள்.
கொண்டுவந்த கொட்டாங்கச்சியால் அளந்து அளந்து எடுத்தாள்,
தன் நான்கு நாழியை மட்டும்.
இரண்டு பிடி பாறையிலேயே கிடந்தது.
புன்னையடிக்குத் திரும்பியபின் கூவினாள்:
"இன்னிக்கு நாழி சரியாயிருக்கு!"

சந்தை கேட்டது.
யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பி என்னைப் பார்க்கவுமில்லை.
இத்தாக்கன் முதலாளி மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.
ஒரு பொதிமாடு வந்து
பாறையிலிருந்த உப்பை நக்கிற்று.

மெழுகு என் மடியில் இருக்கிறது.
திரியிட்டால் ஒரு செபநேரம் எரியும்.
இன்னும் ஏற்றவில்லை.